நேர்காணலுக்குப் பிறகு: நிறுவனத்திடம் பதில் கேட்கும் முறை

விண்ணப்பம் அனுப்பிய நாளுக்கும் முடிவு தெரியும் நாளுக்கும் இடையில், அது ஏதோ ஒரு மேசையில் யாரோ ஒருவருடைய ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. வேலை தேடுபவர் இந்த இடைவெளியில் செய்யும் விசாரிப்புக்கு அலுவலகப் பேச்சில் ‘ஃபாலோ அப்’ என்று பெயர். எந்த மேசை, யாருடைய ஒப்புதல் என்று தெரிந்து கேட்டால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். தெரியாமல் தட்டிவிடும் ‘எனி அப்டேட் சார்?’ பல நேரம் பதில் சொல்ல அதிகாரமே இல்லாத ஒருவரிடம் போய்ச் சேர்கிறது. அவர் பேசாமல் இருந்துவிடுகிறார். விண்ணப்பித்தவர் அதையே நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்.

இங்கே சொல்லப்படுபவை தமிழ்நாட்டின் தனியார் துறை வேலைகளுக்குப் பொருந்துபவை. அரசுத் தேர்வுகளுக்கு விதிகள் வேறு. அவை பின்னால் தனியாக வருகின்றன.

விண்ணப்பம் போன வழி

யாரிடம் கேட்பது என்பதை விண்ணப்பம் போன வழிதான் தீர்மானிக்கிறது. நௌக்ரி போன்ற தளத்திலோ நிறுவனத்தின் சொந்த இணையப் பக்கத்திலோ போட்ட விண்ணப்பம் முதலில் ஒரு மென்பொருளுக்குள் போகிறது. அங்கே பெரும்பாலும் விண்ணப்பத்துக்கு ஓர் எண்ணும் அந்த வேலைக்கு ஓர் எண்ணும் இருக்கும். இரண்டையும் குறித்துவைக்காதவரின் விசாரிப்பு அந்தரத்தில் நிற்கும். ஒரே நிறுவனம் ஒரே பதவிப் பெயரில் சென்னைக்கும் கோவைக்கும் தனித்தனியாகப் பல வேலைகளை அறிவித்திருக்கலாம். ‘பரிசீலனையில்’ என்று அந்தப் பக்கம் காட்டுவதை நம்பியும் இருக்க முடியாது. ஆள் எடுத்து முடிந்த பிறகும் அந்த வரியை மாற்றப் பலர் மெனக்கெடுவதில்லை. பத்துப் பதினைந்து நாட்களில் அழைப்பு எதுவும் வரவில்லை என்றால், லிங்க்ட்இன்னில் அந்த நிறுவனத்தின் ரெக்ரூட்டரைத் தேடி ஒரே ஒரு செய்தி அனுப்பலாம். வேலையின் எண்ணும், தன் அனுபவத்தில் அந்த வேலைக்கு நேராகப் பொருந்தும் ஒரு விஷயமும் அதில் இருந்தால் போதும். பொது மின்னஞ்சல் முகவரிக்கு எழுதுவதைவிட இது மேல். பொதுப் பெட்டியைத் திறந்து பார்ப்பது யாருடைய பொறுப்பு என்பது பல நிறுவனங்களில் யாருக்குமே தெரியாது.

உள்ளே வேலை செய்யும் ஒருவர் பரிந்துரைத்து ரெஸ்யூமேயைக் கொடுத்திருந்தால், கேட்க வேண்டியது அவரிடம். ஹெச்.ஆரை நேராக அழைத்தால் பரிந்துரைத்தவருக்குச் சங்கடம். பல நிறுவனங்களில் அவருடைய கணினியிலேயே விண்ணப்பத்தின் நிலை தெரியும். பரிந்துரைத்த ஆள் சேர்ந்து சில மாதங்கள் நிலைத்தால் அவருக்கு ஊக்கத்தொகை தரும் நிறுவனங்களும் உண்டு என்பதால், விசாரிக்க அவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆனாலும் வாரம் ஒரு முறைக்கு மேல் கேட்டால், அடுத்த முறை உதவி கேட்கும் உரிமை போய்விடும்.

கன்சல்டன்சி வழியாகப் போனவர் கன்சல்டன்சியைத் தாண்டக் கூடாது. நிறுவனம் தரும் கட்டணத்தில்தான் அந்த இடைத்தரகர் பிழைக்கிறார். அவரைத் தாண்டி நிறுவனத்துக்கு எழுதுவது அவருடைய வயிற்றில் கைவைப்பது. இதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே வேலைக்கு இரண்டு கன்சல்டன்சிகள் ஒரே ரெஸ்யூமேயை அனுப்பிவிடுவது. ஆள் யாருடையவர் என்ற தகராறு வரும் என்று பயந்து நிறுவனம் அந்த ரெஸ்யூமேயையே ஒதுக்கிவிடுவதுண்டு. அதனால் புதிதாக ஒரு கன்சல்டன்ட் அழைக்கும்போதே நிறுவனத்தின் பெயரைக் கேட்டுவிட வேண்டும். பெயர் சொல்ல மறுத்தால், ‘பெயர் தெரிந்த பிறகு என் சம்மதம் வாங்கி அனுப்புங்கள்’ என்று எழுத்தில் சொல்லிவைப்பது நல்லது.

சிறு, நடுத்தர நிறுவனங்களின் உலகம் வேறு. திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலைக்கும் கோவையின் பம்ப், ஃபவுண்டரி தொழிலில் சூப்பர்வைசர் வேலைக்கும் முடிவெடுப்பவர் பெரும்பாலும் முதலாளி அல்லது அவருக்கு அடுத்த மேனேஜர். மின்னஞ்சல் அங்கே யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். தொலைபேசிதான் வழி, நேரில் போய் நிற்பதும் தவறில்லை, சில இடங்களில் அதுவே ஆர்வத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளப்படும். ஷிப்மென்ட் கிளம்பும் நாளில் மட்டும் போகக் கூடாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கத்துப் பெரிய தொழிற்சாலைகளில் நிலைமை நேர்மாறு. கேட்டில் காவலாளியைத் தாண்ட முடியாது, ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்கள் பலர் கான்ட்ராக்டர் வழியாகவே எடுக்கப்படுகிறார்கள். விசாரிப்பும் அந்தக் கான்ட்ராக்டரின் அலுவலகத்தில்தான்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான ரெஸ்யூமேகள் சேர்கின்றன. மேசையில் உட்கார்ந்திருந்தவரின் பெயரையும் எண்ணையும் அங்கேயே வாங்காதவருக்கு அதற்குப் பிறகு விசாரிக்க வழியில்லை. வாங்கியவர் இரண்டு மூன்று நாட்களுக்குள் பேசிவிட வேண்டும். ஒரு வாரம் கடந்தால் முகம் மறந்துபோகும், ரெஸ்யூமே கட்டோடு கட்டாகிவிடும்.

எழுந்து வருவதற்கு முன்

நேர்காணலின் முடிவில் ‘ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்று கேட்பார்கள். பிற்பாடு அனுப்பப்போகும் எல்லாச் செய்திகளையும்விட மதிப்புள்ள நிமிடம் அதுதான். அப்போது தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: இதற்கு அடுத்த கட்டம் என்ன, அது ஏறத்தாழ எப்போது, அதுவரை யாரைத் தொடர்புகொள்ளலாம். ‘இன்னும் ஒரு மேனேஜர் ரவுண்டு இருக்கிறது, அடுத்த வாரம் சொல்வோம், பிரியாவிடம் கேளுங்கள்’ என்று பதில் வந்துவிட்டால், பிறகு விசாரிப்பது தொந்தரவு ஆகாது. அவர்களே கொடுத்த தேதி, அவர்களே காட்டிய ஆள்.

நம் ஊர் இளைஞர்கள் பலர் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். அவசரப்படுகிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். பேனலில் இருப்பவர்கள் அப்படி நினைப்பது அரிது. அவர்கள் நிறைய ஆட்களைப் பார்த்தவர்கள், தேதி கேட்பது அவர்களுக்குப் பழகிய கேள்வி. கூச்சத்தில் ‘ஒன்றும் இல்லை சார்’ என்று எழுந்து வந்துவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து குழம்புவதுதான் வீண் வேலை.

அன்று மாலையோ மறுநாளோ ஒரு சிறிய நன்றி மின்னஞ்சல் அனுப்பலாம். அமெரிக்காவில் இது ஏறக்குறைய கட்டாயச் சடங்கு. இங்கே இல்லாவிட்டாலும் யாரும் குறையாக எண்ணப்போவதில்லை. அனுப்பினால் நினைவில் நிற்க ஒரு வாய்ப்பு. வெறும் நன்றிக்கு அதிக மதிப்பில்லை. நேர்காணலில் பேசிய ஏதாவது ஒரு விஷயம் அதில் இருக்க வேண்டும். மின்னஞ்சல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும் அதன் சாரம் இந்த அளவில் இருந்தால் போதும்:

‘இன்று டிசைன் இன்ஜினியர் வேலைக்கான நேர்காணலுக்கு நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. வால்வு வடிவமைப்பில் எடையைக் குறைப்பது பற்றிக் கேட்டீர்கள். கல்லூரி புராஜெக்டில் அதே சிக்கலைக் கையாண்ட வரைபடத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அடுத்த கட்டத்துக்குத் தயாராக இருக்கிறேன்.’

நேர்காணலில் சரியாகப் பதில் சொல்லாத கேள்விக்கு விடை தேடிப் பிடித்து இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்புபவர்கள் உண்டு. ஒரு கேள்விக்கு, நான்கு வரியில் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால், விட்ட கேள்வியைப் பேனலுக்கு நினைவுபடுத்துவதாகவே முடியும்.

சொன்ன தேதி கடந்த பிறகு

சொன்ன தேதியிலிருந்து இரண்டு மூன்று வேலை நாட்கள் விட்டு முதல் நினைவூட்டலை அனுப்பலாம். தேதியே சொல்லப்படவில்லை என்றால் நேர்காணலிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் என்பது நடைமுறைக் கணக்கு. நேர்காணலுக்கு அழைத்து வந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அது போக வேண்டும். புதிதாகத் தொடங்கிய மின்னஞ்சலில் ஆள் யார், எந்த வேலை என்று தேட வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு நூறு மின்னஞ்சல் பார்ப்பவர் தேட மாட்டார்.

‘கடந்த 12ஆம் தேதி நடந்த நேர்காணல் தொடர்பாக எழுதுகிறேன். 20ஆம் தேதிக்குள் முடிவு தெரியும் என்று சொல்லியிருந்தீர்கள். தேர்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். கூடுதல் ஆவணங்கள் தேவையென்றால் அனுப்புகிறேன்.’

இந்த நான்கு வரியின் உயிர் மூன்றாவது வரி. ‘நான் தேர்வாகிவிட்டேனா?’ என்ற கேள்விக்கு ஹெச்.ஆர். பதில் சொல்ல முடியாது, அந்த முடிவு அவருடையது இல்லை. ‘தேர்வு இன்னும் நடக்கிறதா?’ என்பதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லலாம், யாரிடமும் அனுமதி கேட்காமல் சொல்லலாம். விசாரிப்பை எழுதும்போது, பெறுபவர் எழுந்து போய் யாரையும் கேட்காமல் பதில் தரும்படி அமைப்பதுதான் திறமை.

நினைவூட்டலுக்குப் பிறகு ஒரு வாரம் சென்று தொலைபேசியில் அழைக்கலாம். காலை பத்தரைக்கு மேல், அல்லது மதியம் மூன்று மணிக்கு மேல். திங்கள் காலையும் சனி மாலையும் வேண்டாம். ‘வணக்கம் மேடம், பன்னெண்டாம் தேதி டிசைன் இன்ஜினியர் இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். இப்ப ஒரு நிமிஷம் பேசலாங்களா?’ என்று தொடங்கினால், எதிர்முனைக்கு ஆளும் விஷயமும் உடனே விளங்கும். எடுத்த எடுப்பில் பெயரை மட்டும் சொல்லி ‘தெரியுதுங்களா?’ என்று புதிர் போடக் கூடாது. ஹெச்.ஆர். தன் வயதே இருந்தாலும் ‘சார்’, ‘மேடம்’ என்பதே பொருத்தம். பெயர் சொல்லி அழைக்கும் ஐ.டி. நிறுவனப் பழக்கம் உள்ளே சேர்ந்த பிறகு வரட்டும். எடுக்கவில்லை என்றால் அன்றைக்கு இரண்டாம் முறை அழைக்காமல், ஒரு வரியில் காரணத்தை எழுதி அனுப்பிவிடலாம்.

வாட்ஸ்அப்பில் ஹெச்.ஆரே முதலில் செய்தி அனுப்பியிருந்தால் அதிலேயே பதில் கேட்கலாம். நேர்காணல் நடக்கும் இடத்தின் வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியவர், பதிலையும் அங்கே தருவதில் தயங்க மாட்டார். மற்றபடி மேனேஜரின் சொந்த எண்ணைத் தேடிப் பிடித்து இரவு ஒன்பது மணிக்கு ‘ஹாய் சார்’ அனுப்புவதும், தினமும் ‘குட் மார்னிங்’ பூப்படம் அனுப்புவதும் வந்த வாய்ப்பையும் கெடுக்கும். நீல டிக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பதால் எந்தத் தகவலும் கிடைப்பதில்லை.

ஒரு மின்னஞ்சல், ஒரு தொலைபேசி அழைப்பு, அதற்கும் பிறகு இரண்டு வாரம் விட்டுக் கடைசியாக ஒரு மின்னஞ்சல். இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்த வேலையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். கடைசி மின்னஞ்சலில் கோபம் இருக்கக் கூடாது. ஹெச்.ஆர்.கள் நிறுவனம் மாறுகிறார்கள். இன்று பதில் சொல்லாதவரே அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்தில் உட்கார்ந்து அதே ரெஸ்யூமேயைப் பார்க்கக்கூடும்.

மௌனத்துக்கு உள்ளே நடப்பவை

பதில் வராததற்குக் காரணம் நிராகரிப்பு மட்டும் அல்ல. பெரிய நிறுவனத்தில் பேனல் ‘சரி’ என்று எழுதிய பிறகுதான் நீண்ட பயணமே ஆரம்பிக்கிறது. எந்த நிலையில் சேர்ப்பது, எவ்வளவு சம்பளம், அந்தப் பிரிவின் பட்ஜெட்டில் இடம் இருக்கிறதா என்று ஒப்புதல்கள் ஒவ்வொன்றாக நகரும். ஐ.டி. சேவை நிறுவனங்களில் பல வேலைகள் ஒரு வாடிக்கையாளரின் புராஜெக்டை நம்பித் திறக்கப்படுபவை. வாடிக்கையாளர் கையெழுத்தைத் தள்ளிப்போட்டால் வேலையும் ‘ஹோல்டு’க்குப் போகும். சில புராஜெக்டுகளில் வாடிக்கையாளரே தனியாக ஒரு நேர்காணல் நடத்துவார். அதற்கு அவருடைய நேரம் கிடைக்க வேண்டும்.

வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காரணம் நோட்டீஸ் பீரியட். இந்தியாவின் பெரிய ஐ.டி. நிறுவனங்களில் மூன்று மாத நோட்டீஸ் சாதாரணம். முதலிடத்தில் தேர்வானவர் ஆஃபரை ஏற்றுக்கொண்டு அந்த மூன்று மாதத்தைக் கழித்துக்கொண்டிருப்பார். அதற்குள் வேறு ஆஃபர் தேடி, கடைசி வாரத்தில் வரமாட்டேன் என்று சொல்வதும் உண்டு. இதை அனுபவத்தில் அறிந்த நிறுவனங்கள், இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கு இல்லை என்று சொல்லாமல் வைத்திருக்கும். இரண்டு மூன்று மாதம் ஒரு சொல்லும் இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் திடீரென்று ‘உடனே சேர முடியுமா?’ என்று அழைப்பு வருவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். இரண்டாம் இடம் என்று தெரிந்தும் போகலாமா என்று தன்மானம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சம்பளச் சீட்டில் அந்த வரிசை எண் அச்சாவதில்லை.

அலுவலகப் பேச்சில் சில சொற்றொடர்களுக்கு உள்ளர்த்தம் உண்டு. ‘வி வில் கெட் பேக் டு யூ’ என்பதில் எந்த உறுதியும் இல்லை. ‘ப்ரொஃபைல் ஹோல்டுல இருக்கு’ என்றால் ஆட்டம் முடியவில்லை, ஆனால் முன்னால் வேறு ஆள் நிற்கலாம். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டால் சம்பள ஒப்புதலுக்குக் கோப்பு போகிறது என்று ஓரளவு நம்பலாம். நோட்டீஸ் காலத்தைக் குறைக்க முடியுமா, பழைய நிறுவனத்துக்குப் பணம் கட்டி வெளியே வர முடியுமா என்ற கேள்வி வந்தால் வேலை கை நெருங்கிவிட்டது என்று பொருள். அப்போதும் கடிதம் கையில் இல்லை.

நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்ச் மாதம் நிதியாண்டின் முடிவு. புதிய இடங்களுக்கான பட்ஜெட் பல நிறுவனங்களில் ஏப்ரலுக்குப் பிறகே தெளிவாகும். ஆயுத பூஜையிலிருந்து தீபாவளி வரை ஒரு மந்தம். டிசம்பர் கடைசியில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் விடுமுறையில் போகிறார்கள். அது முடிந்தால் பொங்கல். சிறு நிறுவனங்களில் ஹெச்.ஆர். வேலையைப் பார்ப்பவரே சம்பளக் கணக்கையும் பார்ப்பார். மாத இறுதியில் வருகைப் பதிவைச் சரிபார்த்து, 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டு, 15ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகையைக் கட்டி முடிக்க வேண்டும். அங்கே விசாரிக்க நல்ல காலம் 16ஆம் தேதியிலிருந்து 24 வரை. அதற்கு முன்னால் அழைத்தால் கிடைக்கும் எரிச்சல் அழைத்தவர் மேல் வந்ததல்ல, இ.எஸ்.ஐ. தளம் திறக்காததில் வந்தது.

பத்து இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தவருக்கு நினைவாற்றல் போதாது. நிறுவனம், வேலையின் எண், விண்ணப்பித்த வழி, கடைசியாகப் பேசியவர், அவர் சொன்ன தேதி, அனுப்பிய ரெஸ்யூமே எது, சொன்ன சம்பள எதிர்பார்ப்பு எவ்வளவு என்று ஒரு நோட்டுப் புத்தகத்திலோ எக்செல் தாளிலோ எழுதிவைக்க வேண்டும். இவற்றில் கடைசி விவரத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் அழைப்பில் ஐந்து லட்சம் என்றும் இறுதிச் சுற்றில் ஆறரை என்றும் சொல்லி, காரணம் கேட்டால் விழிப்பது ஒப்புதலுக்குப் போன கோப்பைத் திருப்பி அனுப்ப வைக்கும்.

இன்னொரு ஆஃபர் கையில் இருக்கும்போது

விரும்பிய நிறுவனம் பேசாமல் இருக்கிறது, இரண்டாவதாக நினைத்த நிறுவனம் ஆஃபர் லெட்டர் கொடுத்து வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறது. விசாரிப்புக்கு இதைவிட நல்ல காரணம் அமையாது. ‘வேறொரு நிறுவனத்திடமிருந்து ஆஃபர் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். என் முதல் விருப்பம் உங்கள் நிறுவனம்தான். அதற்குள் முடிவு தெரிய வாய்ப்புள்ளதா?’ என்று நேராக எழுதலாம். உள்ளே கோப்பு அசையாமல் கிடந்தால், அதை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போக ஹெச்.ஆருக்கு இது ஒரு காரணம் தருகிறது. வாய்ப்பில்லை என்றால் அதுவும் அன்றே தெரிந்துவிடும்.

இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லக் கூடாது. ஆஃபர் லெட்டரின் நகலைக் கேட்கும் ஹெச்.ஆர்.கள் உண்டு, ஒரே ஊரில் ஒரே துறையில் ஹெச்.ஆர்.கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பதும் உண்டு. உண்மையான ஆஃபரை வைத்துக்கொண்டு சம்பளத்தை ஒரு முறை பேசிப் பார்ப்பதில் குற்றமில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் தூக்கிக்கொண்டு அலைந்து மூன்று, நான்கு முறை ஏற்றிக் கேட்பதற்கு ‘ஆஃபர் ஷாப்பிங்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டவரின் கடைசி ஆஃபரும் சில சமயம் ரத்தாகிறது.

தேர்வான பிறகும் முடியாத விசாரிப்பு

‘செலக்ட் ஆகிட்டீங்க’ என்று தொலைபேசியில் கேட்ட சந்தோஷத்தில் அன்றே ராஜினாமா கொடுப்பதுதான் இந்தக் கட்டத்தின் மிகப் பெரிய தவறு. சம்பளப் பிரிப்பு, பதவி, பணியிடம், சேரும் தேதி ஆகியவை எழுத்தில் வந்து, அதை ஏற்றுப் பதில் அனுப்பும் வரை பழைய வேலையில் வாய் திறக்கக் கூடாது. கடிதம் தாமதமானால் கேட்கும் விதம்: ‘என் நோட்டீஸ் காலம் மூன்று மாதம். கடிதம் கிடைத்த அன்றே ராஜினாமா கொடுக்கிறேன்; எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் சேர முடியும்.’ நிறுவனத்துக்கு ஆள் சீக்கிரம் வேண்டும். ஆகவே இந்தச் செய்திக்குப் பதில் வந்துவிடும்.

அதற்குப் பிறகு பின்னணிச் சரிபார்ப்பு. படித்த பல்கலைக்கழகம், முந்தைய நிறுவனங்கள், வீட்டு முகவரி எல்லாவற்றையும் ஒரு வெளி ஏஜென்சி சரிபார்க்கும். வேலை செய்த காலத்தை 12 இலக்க யு.ஏ.என். எண் வழியாக பி.எஃப். பதிவிலும் பார்க்கிறார்கள். பழைய நிறுவனம் வேலையை விட்ட தேதியை அங்கே பதிவு செய்யாமல் விட்டிருந்தால் இங்கே சிக்கல். கடைசி பி.எஃப். தொகை செலுத்தப்பட்டு இரண்டு மாதம் ஆனபின் ஊழியரே இ.பி.எஃப்.ஓ. தளத்தில் அந்தத் தேதியைப் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. ஏஜென்சி கேட்கும் ரிலீவிங் லெட்டரோ மதிப்பெண் பட்டியலோ தாமதமானால், எப்போது கிடைக்கும் என்று தானாகவே முன்வந்து சொல்வது நல்லது. விசாரிக்க வேண்டியவர்கள் இப்போது அவர்கள். அவர்கள் கேட்கும் வரை காத்திருந்தால் சந்தேகம் வளரும்.

கல்லூரி வளாகத் தேர்வில் வேலை பெற்றவர்களுக்குக் காத்திருப்பு நீளலாம். 2022, 2023 ஆண்டுகளில் சில பெரிய ஐ.டி. நிறுவனங்கள், ஆஃபர் கொடுத்த புதிய பட்டதாரிகளைச் சேர்க்கும் தேதியைப் பல மாதங்கள் தள்ளிப்போட்டன. இப்படிப்பட்ட நிலையில் தனியாளாக எழுதுவதைவிடக் கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலர் வழியாகக் கேட்பதற்கு எடை அதிகம். அடுத்த ஆண்டும் அந்தக் கல்லூரிக்கு வர வேண்டிய நிறுவனம் அவருக்குப் பதில் சொல்லும். காத்திருக்கும் காலத்தில் வேறு வேலைக்கு விண்ணப்பிப்பதில் தயக்கம் தேவையில்லை.

பணம் கேட்கும் பதில்

விசாரிப்புக்குப் பதிலாகப் பணம் கேட்டு வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்குத் திருப்பித் தரும் வைப்புத்தொகை, சரிபார்ப்புச் செலவு என்று பெயர் மாறும். பதிலுக்காகத் தவித்துக்கொண்டிருப்பவர்தான் இந்த வலையில் எளிதில் விழுகிறார். பெரிய நிறுவனத்தின் பெயரில் கடிதம் இருக்கும், அனுப்பிய முகவரி ஜிமெயிலாக இருக்கும். பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். நேரம் தாழ்ந்தால் பணத்தை வழியில் நிறுத்திவைப்பது கடினம். வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் ஆள் அனுப்பும் ஏஜென்ட், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போகலாம். விசா எப்போது வரும் என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் இந்த முதல் கேள்வியைக் கேட்காதவர்கள்.

அரசு வேலைகளில்

டி.என்.பி.எஸ்.சி. போன்ற தேர்வாணையங்களிடம் மேலே சொன்ன எதுவும் செல்லாது. யாரையாவது பிடித்துப் பரிந்து பேசவைப்பது தகுதியிழப்புக்கே காரணமாகலாம் என்று அறிவிக்கைகளிலேயே அச்சிட்டிருப்பார்கள். முடிவு, கலந்தாய்வுத் தேதி, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் ஆணையத்தின் இணையதளத்தில்தான் வெளியாகும். அதைத் தவறாமல் பார்ப்பதும், பதிவு செய்த கைபேசி எண்ணை மாற்றாமல் வைத்திருப்பதும்தான் செய்யக்கூடியவை. மதிப்பெண், காலியிட நிரப்பல் போன்ற விவரம் தேவையென்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் செய்த பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பதும் பலருக்கு மறந்துவிடும் ஒரு தேதி.

இல்லை என்று பதில் வந்தால்

நிராகரிப்பு மின்னஞ்சலுக்கும் இரண்டு வரி பதில் அனுப்பலாம்: தெரிவித்ததற்கு நன்றி, பொருத்தமான வேறு இடம் திறந்தால் பரிசீலிக்கவும். காரணம் கேட்டால் உண்மையான காரணம் கிடைப்பது அரிது. பெரிய நிறுவனங்கள் காரணம் எழுதுவதைத் தவிர்க்கின்றன, எழுதினால் அதன் மேல் விவாதம் வரும் என்ற பயம். பேனலில் நன்றாகப் பேசிய ஒருவரிடம், எந்தத் திறனை வளர்த்துக்கொள்ளலாம் என்று கேட்டால் சில சமயம் உருப்படியான பதில் வரும். மீண்டும் அதே நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க, ஆறு மாதம் என்பதுபோல இடைவெளி வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. அந்தக் கால அளவை அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

வேலை கிடைத்துச் சேர்ந்தவருக்கும் கடைசியாகச் சில செய்திகள் பாக்கி இருக்கின்றன. இன்னும் தேர்வு நடந்துகொண்டிருக்கும் மற்ற நிறுவனங்களுக்கும் கன்சல்டன்சிகளுக்கும் விலகுவதாக ஒரு வரி எழுத வேண்டும். பரிந்துரைத்தவருக்கு நேரிலோ தொலைபேசியிலோ சொல்ல வேண்டும். நௌக்ரியில் ‘உடனடியாகச் சேரத் தயார்’ என்று போட்டிருந்த வரியை எடுக்காவிட்டால் அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும், புதிய நிறுவனத்தின் ஹெச்.ஆர். கண்ணிலும் அது படும். குறிப்பிட்ட நிறுவனங்கள் தன் விவரத்தைப் பார்க்க முடியாதபடி தடுக்கும் வசதி அந்தத் தளத்தின் அமைப்புகளில் இருக்கிறது.